இரண்டாவது ஹார்ட் டிஸ்க் மாட்டிய பிறகு வரும் சிக்கல்கள்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கேபினட்டைத் திறந்து இன்னொரு ஹார்ட் டிஸ்கை மாட்டுவது கால் மணி நேர வேலை. மாட்டி முடித்து 'திஸ் பிசி'யைத் திறந்தால் அங்கே பழைய சி டிரைவ் மட்டும் இருக்கும். நாள் போவது அதற்குப் பிறகுதான். கேபிளைக் கழற்றி மாட்டுவது, விண்டோஸை மறுபடி நிறுவுவது, டிஸ்க் செத்துவிட்டது என்று திருப்பிக் கொடுப்பது என்று கை போன போக்கில் போகத் தேவையில்லை.

புதிய டிஸ்க் நான்கு இடங்களில் வரிசையாகத் தலைகாட்ட வேண்டும். முதலில் மின்சாரம் வந்து சுற்ற வேண்டும். அடுத்து பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரையில், அதன் பெயர் வர வேண்டும். பிறகு விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் ஒரு வரியாகத் தெரிய வேண்டும். கடைசியாக ஓர் எழுத்தோடு 'திஸ் பிசி'யில் வர வேண்டும். எந்த இடம் வரை வந்து நின்றுவிட்டது என்று பார்த்தாலே எங்கே கை வைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். பயாஸிலேயே பெயர் இல்லாத டிஸ்குக்காக விண்டோஸில் டிரைவர் தேடுவது வீண் வேலை. பயாஸில் பெயர் வந்துவிட்ட டிஸ்குக்குக் கேபிள் மாற்றிக்கொண்டிருப்பதும் பெரும்பாலும் வீண்தான்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே மனதில் வையுங்கள். மாட்டுவது பழைய டிஸ்க், உள்ளே உங்களுக்கு வேண்டிய கோப்புகள் இருக்கின்றன என்றால், விண்டோஸ் எந்தப் பெட்டியைக் காட்டி 'இனிஷியலைஸ் செய்யவா', 'ஃபார்மேட் செய்யவா' என்று கேட்டாலும் 'கேன்சல்' மட்டுமே அழுத்துங்கள். இந்தச் சிக்கல்களில் மீள முடியாத இழப்பு பெரும்பாலும் அந்த ஒரு கிளிக்கில்தான் நடக்கிறது.

கேபினட்டுக்குள் கை வைக்கும் ஒவ்வொரு முறையும்: கணினியை ஷட் டவுன் செய்யுங்கள், பின்பக்க சுவிட்சை அணைத்து மின் வயரைப் பிடுங்குங்கள், முன்பக்கப் பவர் பொத்தானை ஐந்து நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள், பெயிண்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒரு முறை தொடுங்கள். ஸ்லீப்பில் இருக்கும் கணினி அணைந்த கணினி அல்ல.

கணினியே ஆன் ஆகவில்லை, அல்லது ஆன் ஆகி உடனே அணைகிறது

புதிய டிஸ்கின் பவர் கேபிளை மட்டும் கழற்றிவிட்டு ஆன் செய்து பாருங்கள். அப்படியும் ஆன் ஆகவில்லை என்றால் டிஸ்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உள்ளே கை போனபோது ராம் சற்று எழும்பியிருக்கலாம், மதர்போர்டின் 24 பின் கேபிளோ புராசஸருக்குப் போகும் 12 வோல்ட் கேபிளோ தளர்ந்திருக்கலாம். அவற்றை அழுத்திப் பாருங்கள்.

கழற்றியதும் ஆன் ஆகிறது, மாட்டியதும் அணைகிறது என்றால் இரண்டு காரணங்கள். ஒன்று, டிஸ்கின் அடிப்பக்கச் சர்க்யூட் பலகை எங்கேயோ உலோகத்தில் பட்டு ஷார்ட் ஆகிறது. நீளமான ஸ்க்ரூவைப் போட்டு முறுக்கினாலும் அது உள்ளே போய்ப் பலகையைத் தொடும். இரண்டு, பவர் கேபிள் தவறானது. இந்த இரண்டாவது காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேபிள்களைத் தனித்தனியாகக் கழற்றி மாட்டும் மாடுலர் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) வைத்திருப்பவர்கள், வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த சாட்டா (இன்றைய டிஸ்குகளின் இணைப்பு வகை) பவர் கேபிளை எடுத்து மாட்டிவிடுவது உண்டு. டிஸ்க் பக்கத்து முனை எல்லாக் கேபிளிலும் ஒன்றுதான். எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்குப் பொதுவான தரம் கிடையாது. கம்பெனிக்குக் கம்பெனி, சில நேரம் ஒரே கம்பெனியின் மாடலுக்கு மாடல், கம்பிகளின் வரிசை மாறும். முனை பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும், சரியாகப் பொருந்தவும் செய்யும். ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போய்விடும். அந்த நொடியில் டிஸ்கின் சர்க்யூட் கருகிவிடும். அதே கேபிளில் தொங்கும் பழைய டிஸ்கும் சேர்ந்தே போகும். அந்த எஸ்எம்பிஎஸ்ஸோடு பெட்டியில் வந்த கேபிளைத் தவிர வேறு எதையும் மாட்டாதீர்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸின் வாட் போதவில்லை என்பது பலரும் முதலில் சந்தேகிக்கும் காரணம், ஆனால் அரிது. ஒரு 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் சுற்றத் தொடங்கும் சில நொடிகளில் 12 வோல்ட் கம்பியில் சுமார் 2 ஆம்பியர் வரை இழுக்கும். வேகம் பிடித்த பிறகு மொத்தமே 10 வாட்டுக்குள் அடங்கிவிடும். பல வருடம் ஓடித் தளர்ந்த எஸ்எம்பிஎஸ் என்றால் மட்டும் அந்த முதல் இழுப்பைத் தாங்காமல் போகலாம்.

டிஸ்க் சுற்றும் சத்தமே இல்லை

கணினியை ஆன் செய்து டிஸ்கின் பக்கவாட்டில் விரல் வைத்தால் மெல்லிய அதிர்வு தெரிய வேண்டும். எஸ்எஸ்டிக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அதில் சுற்றுவதற்கு எதுவுமில்லை.

அதிர்வு இல்லையென்றால் அதே கேபிளில் உள்ள வேறொரு முனையை மாட்டிப் பாருங்கள். பழைய டிஸ்கின் பவர் முனையைப் புதியதில் மாட்டிப் பார்ப்பது இன்னும் உறுதியான சோதனை. அதிலும் சுற்றவில்லை, ஆனால் யூஎஸ்பி பெட்டிக்குள் வைத்தால் நன்றாக ஓடுகிறது என்றால் டிஸ்கைக் குறை சொல்லாதீர்கள். 3.3 வோல்ட் சிக்கலாக இருக்கலாம்.

சாட்டா பவர் முனையில் 15 பின்கள். முதல் மூன்றும் 3.3 வோல்ட்டுக்காக ஒதுக்கப்பட்டிருந்தன, ஆனால் பெரும்பாலான டிஸ்குகள் அதைப் பயன்படுத்தவே இல்லை. சாட்டா 3.3 என்ற திருத்தப்பட்ட தரம் வந்தபோது மூன்றாவது பின்னுக்கு வேறு வேலை கொடுத்தார்கள்: அதில் மின்சாரம் வந்தால் டிஸ்க் அணைந்திருக்க வேண்டும். சர்வர்களில் தொங்கிப்போன டிஸ்கைத் தூரத்திலிருந்தே அணைத்து எழுப்ப இந்த ஏற்பாடு. வீட்டு எஸ்எம்பிஎஸ்ஸோ பழைய வழக்கப்படி அந்தப் பின்னில் எப்போதும் 3.3 வோல்ட் அனுப்பிக்கொண்டிருக்கும். விளைவு, டிஸ்க் 'என்னை அணைந்திருக்கச் சொல்கிறார்கள்' என்று எடுத்துக்கொண்டு அசையாமல் கிடக்கும். யூஎஸ்பி வெளிப்பெட்டியிலிருந்து பிரித்தெடுத்த பெரிய டிஸ்குகளிலும், சர்வர்களுக்கான டிஸ்குகளிலும் இது அடிக்கடி தென்படும்.

இதற்கு இரண்டு வழிகள். டிஸ்கின் பவர் பக்கத்தில், டேட்டா இணைப்பை ஒட்டிய ஓரத்திலிருந்து எண்ணி முதல் மூன்று பின்களையும் மெல்லிய கேப்டன் டேப்பால் (சூடு தாங்கும், மின்சாரம் கடத்தாத டேப்) மூடிவிடலாம். முதல் இரண்டை மூடுவதால் நஷ்டமில்லை. மூன்றாவதை மட்டும் தனியாக மூடக் கை நிதானம் அதிகம் வேண்டும். சாதாரண செல்லோ டேப் வேண்டாம், சூட்டில் பசை இளகிவிடும். இல்லையென்றால் நான்கு பின் மோலக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிளைப் போடலாம், மோலக்ஸில் 3.3 வோல்ட் கம்பியே கிடையாது. ஆனால் அந்த மாற்றுக் கேபிளில் கம்பிகள் பிளாஸ்டிக்குக்குள் வார்த்து மூடப்பட்ட வகை உருகித் தீப்பிடித்த சம்பவங்கள் நிறைய உண்டு. ஒவ்வொரு கம்பியும் தனியாகத் தெரியும்படி, மூடியால் அழுத்திப் பிடிக்கப்பட்ட வகையையே தேர்ந்தெடுங்கள்.

சுற்றுகிறது, ஆனால் பயாஸில் பெயர் இல்லை

கணினி ஆன் ஆகும்போது டெலீட் பொத்தானையோ எஃப்2 பொத்தானையோ தட்டிக்கொண்டே இருந்தால் பெரும்பாலான மதர்போர்டுகளில் பயாஸ் திறக்கும். சாட்டா டிஸ்குகளுக்கு ஒரு பட்டியல், என்விஎம்இ (சாட்டாவைவிட வேகமான இணைப்பு முறை) எஸ்எஸ்டிகளுக்குத் தனிப் பட்டியல். இரண்டையும் பாருங்கள்.

முதல் சந்தேகம் டேட்டா கேபிள். ஏழு பின் கொண்ட அந்தச் சிவப்போ கறுப்போ ஆன பட்டைக் கேபிள் உறுதியான பொருள் அல்ல. பூட்டும் கிளிப் இல்லாத வகை, கேபினட் மூடியின் பக்கவாட்டு அழுத்தத்திலேயே அரை மில்லிமீட்டர் வெளியே வந்துவிடும். பழைய டிஸ்கில் வேலை செய்துகொண்டிருக்கும் கேபிளை அப்படியே கழற்றிப் புதியதில் மாட்டிப் பாருங்கள். பயாஸில் பெயரைப் பார்ப்பதற்கு விண்டோஸ் தேவையில்லை, எனவே தயங்க வேண்டாம். பெயர் வந்தால் பழுது கேபிளிலோ, கேபிளைச் செருகும் மதர்போர்டின் இணைப்பான 'போர்ட்'டிலோ இருக்கிறது. அதே போர்டில் வேறு கேபிள், அதே கேபிளோடு வேறு போர்ட் என்று ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் சரியான பிறகும் எது கெட்டிருந்தது என்று தெரியாது. கெட்ட கேபிள் டிராயருக்குள் போய் அடுத்த வருடம் மறுபடி வெளியே வரும்.

இரண்டாவது, போர்ட் அணைக்கப்பட்டிருப்பது. சில பயாஸ்களில் ஒவ்வொரு சாட்டா போர்டுக்கும் 'எனேபிள்', 'டிஸேபிள்' என்ற தனி அமைப்பு உண்டு. இதைவிட அதிகம் பேரைக் குழப்புவது எம்.2 இடத்தோடு (மெல்லிய எஸ்எஸ்டியை நேரடியாக மதர்போர்டில் செருகும் இடம்) பங்கு போட்டுக்கொள்ளும் போர்ட். பல மதர்போர்டுகளில் எம்.2 இடத்தில் எஸ்எஸ்டி மாட்டியிருந்தால் ஓரிரு சாட்டா போர்டுகள் தானாகச் செயலிழக்கும், ஏனென்றால் இரண்டுக்கும் சிப்செட்டிலிருந்து வரும் பாதை ஒன்றுதான். போர்ட் பழுதில்லை, கேபிள் பழுதில்லை, டிஸ்கும் பழுதில்லை, ஆனாலும் தெரியாது. எந்த எம்.2 எந்தப் போர்டை முடக்கும் என்பது மதர்போர்டின் கையேட்டில் சின்ன அட்டவணையாக இருக்கும். கையேடு கைவசம் இல்லையென்றால் டிஸ்கை ஒவ்வொரு போர்டாக மாற்றிப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது டிஸ்காக நீங்கள் மாட்டியதே எம்.2 எஸ்எஸ்டி என்றால், வேறு கேள்வி எழும். எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அந்த வடிவத்துக்குள் சாட்டா பேசும் எஸ்எஸ்டியும் உண்டு, என்விஎம்இ பேசும் எஸ்எஸ்டியும் உண்டு. சில மதர்போர்டு இடங்கள் இரண்டையும் ஏற்கும், சில ஒன்றை மட்டும் ஏற்கும். தங்க நிறப் பற்களுக்கு நடுவே இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. ஆனால் விதிவிலக்கு உண்டு என்பதால் லேபிளைப் படிப்பதே நல்லது. எஸ்எஸ்டியைச் சாய்வாகச் செருகிப் பற்கள் ஏறக்குறைய முழுவதும் உள்ளே மறைந்த பிறகு கீழே அழுத்தி ஸ்க்ரூ போட வேண்டும். பாதி மட்டும் செருகிய எம்.2 பார்வைக்குச் சரியாகவே உட்கார்ந்திருக்கும்.

பட்டையான 40 பின் ஐடிஇ கேபிள் கொண்ட பழைய கணினியாக இருந்தால், ஒரே கேபிளில் இரண்டு டிஸ்குகளும் 'மாஸ்டர்' ஆக இருக்க முடியாது. பின்பக்க ஜம்பரை (இரண்டு பின்களை இணைக்கும் சிறு மூடி) ஒன்றில் மாஸ்டர், மற்றதில் ஸ்லேவ் என்று வையுங்கள்.

விண்டோஸ் கிளம்பவில்லை

'பூட் டிவைஸ் இல்லை' என்ற மாதிரிச் செய்தியோடு கறுப்புத் திரை வந்தால் பயப்பட வேண்டாம். புதிய டிஸ்கைப் பார்த்ததும் சில பயாஸ்கள் அதையே பூட் வரிசையில் முதலிடத்தில் வைத்துவிடும். அதில் விண்டோஸ் இல்லை, ஆகவே நின்றுவிடும். பயாஸுக்குள் போய் பூட் வரிசையில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்ற வரியை முதலில் கொண்டுவந்து சேமியுங்கள். பழைய முறைக் கணினி என்றால் அந்த வரி இருக்காது. விண்டோஸ் உள்ள டிஸ்கின் பெயரை முதலில் வையுங்கள்.

'இன்அக்ஸஸிபிள் பூட் டிவைஸ்' என்ற நீலத் திரை வந்தால், பயாஸில் எதையோ மாற்றியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். டிஸ்க் தெரியவில்லையே என்று சாட்டா மோடை (விண்டோஸும் டிஸ்கும் பேசிக்கொள்ளும் முறை) ஏஎச்சிஐ, ரெய்டு, ஐடிஇ என்று மாற்றிப் பார்த்திருப்பீர்கள். முன்பு இருந்ததற்கே திருப்பி வையுங்கள், விண்டோஸ் கிளம்பிவிடும். உண்மையிலேயே ஏஎச்சிஐக்கு மாற வேண்டுமென்றால் வரிசை இது: பழைய அமைப்பிலேயே விண்டோஸைத் திறந்து, எம்எஸ்கான்ஃபிக் (விண்டோஸ் தொடங்கும் விதத்தை மாற்றும் நிரல்) பெட்டியின் பூட் பக்கத்தில் 'சேஃப் பூட்' தேர்வைப் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள், அந்த ரீஸ்டார்டிலேயே பயாஸுக்குள் போய் மோடை மாற்றுங்கள், சேஃப் மோடில் விண்டோஸ் திறந்ததும் அந்தத் தேர்வை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட். சேஃப் மோடில் ஒரு முறை திறக்கும்போது தேவையான டிரைவரை விண்டோஸ் தானே எடுத்துக்கொள்ளும்.

இதற்கு நேர் எதிரான சிக்கல் ஒன்று உண்டு: இரண்டாவது டிஸ்கைக் கழற்றினால் விண்டோஸ் கிளம்பவில்லை. இரண்டு டிஸ்குகளையும் மாட்டிய நிலையில் விண்டோஸை நிறுவியிருந்தால் இது நடக்கும். நீங்கள் சி டிரைவுக்கு ஒரு டிஸ்கைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். நிறுவும் நிரலோ, தொடக்கக் கோப்புகள் இருக்கும் சிறிய இஎஃப்ஐ பார்ட்டிஷனை (டிஸ்கில் பிரித்த தனிப் பகுதி) மற்ற டிஸ்கில் வைத்திருக்கும். வருடக்கணக்கில் எதுவும் தெரியாது; பழைய டிஸ்கைக் கழற்றும் நாளில்தான் தெரியும். விண்டோஸ் நிறுவும்போது, நிறுவப்போகும் டிஸ்கைத் தவிர மற்ற எல்லாவற்றின் டேட்டா கேபிளையும் பிடுங்கிவைப்பது இதற்கு ஒரே உறுதியான தடுப்பு.

பயாஸில் இருக்கிறது, 'திஸ் பிசி'யில் இல்லை

நூற்றுக்குத் தொண்ணூறு பேர் நிற்கும் இடம் இது என்று தாராளமாகச் சொல்லலாம். இது பழுதே அல்ல. புத்தம் புதிய டிஸ்க் வெற்று நிலம். எல்லைக் கல் நட்டு எழுத்து கொடுக்கும் வரை விண்டோஸ் அதை 'திஸ் பிசி'யில் காட்டாது.

விண்டோஸ் பொத்தானையும் எக்ஸ் பொத்தானையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' தேர்ந்தெடுங்கள். கீழ்ப் பாதியில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று வரிசையாக இருக்கும். மேல் பாதியைப் பார்த்து ஏமாறாதீர்கள், எழுத்தும் பார்ட்டிஷனும் இல்லாத டிஸ்க் அங்கே வராது. கீழே உங்கள் டிஸ்கின் வரியில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த வேலை.

'நாட் இனிஷியலைஸ்டு' என்று இருந்து, டிஸ்கும் புதியது என்றால்:

1. டிஸ்க் எண்ணின் மேல் வலது கிளிக் செய்து 'இனிஷியலைஸ் டிஸ்க்' கொடுங்கள். அளவைப் பார்த்து இது புதிய டிஸ்க்தான் என்று ஒரு முறை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.
2. பார்ட்டிஷன் விவரத்தைக் குறித்து வைக்கும் முறை எம்பிஆரா, ஜிபிடியா என்று கேட்கும். ஜிபிடி. மிகப் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியிலும் இந்த டிஸ்கை மாட்ட வேண்டியிருந்தால் மட்டும் எம்பிஆர்.
3. 'அன்அலோகேட்டட்' என்று கறுப்புப் பட்டையோடு இருக்கும் பகுதியில் வலது கிளிக், 'நியூ சிம்பிள் வால்யூம்'.
4. அளவை மாற்றாமல் விட்டு, எழுத்து தேர்ந்தெடுத்து, கோப்பு முறை என்டிஎஃப்எஸ், 'குவிக் ஃபார்மேட்' போட்டு முடியுங்கள்.

குவிக் ஃபார்மேட் சில நொடிகளில் முடியும். அந்த டிக்கை எடுத்துவிட்டால் விண்டோஸ் டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதும். சராசரியாக நொடிக்கு 150 எம்பி எழுதும் 4 டிபி டிஸ்குக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். யாரோ பயன்படுத்திய டிஸ்கை வாங்கியிருந்தால் அந்த ஏழு மணி நேரம் வீணல்ல, கெட்ட பகுதிகள் அப்போதே வெளிப்பட்டுவிடும்.

'ஆஃப்லைன்' என்று இருந்தால் வலது கிளிக்கில் 'ஆன்லைன்'. சிக்னேச்சர் மோதல் என்று காரணம் காட்டினால், அந்த டிஸ்க் உங்கள் முதல் டிஸ்கின் குளோன், அதாவது அச்சு நகல். இரண்டுக்கும் ஒரே அடையாள எண். ஆன்லைன் கொடுத்தால் விண்டோஸ் அதற்குப் புது எண் போடும். அந்தக் குளோனிலிருந்து பிறகு பூட் செய்யும் எண்ணம் இருந்தால் ஆன்லைன் கொடுக்காதீர்கள். எண் மாறினால் அது கிளம்ப மறுக்கலாம்.

'ஃபாரின்' என்று இருந்தால் அது வேறொரு கணினியில் டைனமிக் டிஸ்காக இருந்தது. 'இம்போர்ட் ஃபாரின் டிஸ்க்ஸ்' கொடுங்கள், கோப்புகள் அப்படியே வரும். 'கன்வர்ட் டு பேசிக்' கொடுத்தால் போய்விடும்.

நீலப் பட்டையோடு, 'ஹெல்தி' என்று போட்டு, எழுத்து மட்டும் இல்லாமல் இருந்தால் மிக எளிது. வலது கிளிக், 'சேஞ்ச் டிரைவ் லெட்டர்', 'ஆட்', ஓர் எழுத்து. நிரல்களை நிறுவப்போகும் டிரைவுக்கு வரிசையில் பின்னால் உள்ள ஓர் எழுத்தைக் கொடுப்பது நல்லது. யூஎஸ்பி ஒன்றைச் செருகும் நேரத்தில் எழுத்து மாறி, நிரல்களெல்லாம் கோப்பைக் காணோம் என்று புலம்பும் நிலை வராது.

அளவு குறைவாகக் காட்டுகிறது

1 டிபி டிஸ்க் 931 ஜிபி, 2 டிபி டிஸ்க் 1,863 ஜிபி, 4 டிபி டிஸ்க் 3,726 ஜிபி. இது சரியான அளவு, எதுவும் தொலையவில்லை. டிஸ்க் தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது.

2,048 ஜிபி மட்டும் பயன்படுத்த முடிகிறது, மிச்சம் கறுப்பாகக் கிடக்கிறது, அதன் மேல் வலது கிளிக் செய்தால் எதுவும் நடக்கவில்லை என்றால், எம்பிஆர் போட்டுவிட்டீர்கள். அந்த முறையில் செக்டார் (டிஸ்கைப் பிரிக்கும் மிகச் சிறிய துண்டு) எண்ணை எழுத 32 பிட்தான் இடம். 512 பைட் செக்டாரில் அது 2,048 ஜிபியோடு தீர்ந்துவிடும். கோப்புகளை வேறிடத்துக்கு நகர்த்தி, பார்ட்டிஷன்களை அழித்து, டிஸ்க் எண்ணின் மேல் வலது கிளிக்கில் ஜிபிடிக்கு மாற்றுங்கள். பார்ட்டிஷன் ஒன்று மிச்சம் இருந்தாலும் அந்தத் தேர்வு மங்கலாகவே இருக்கும்.

3 டிபி டிஸ்க் மொத்தமே 746 ஜிபி என்று காட்டினால் கதை வேறு. மிச்சப் பகுதி கறுப்பாகக்கூட இருக்காது. பழைய சாட்டா டிரைவரோ, பழைய யூஎஸ்பி மாற்றியோ 32 பிட்டுக்கு மேல் எண்ணத் தெரியாமல், 2,048 ஜிபியைத் தாண்டியதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணிவிட்டது. மீட்டர் 9999-க்குப் பிறகு 0000 காட்டுவது போல. அந்த நிலையில் டிஸ்கில் எதுவும் எழுதாதீர்கள். சிப்செட்டின் புதிய சேமிப்பக டிரைவரை நிறுவுங்கள். யூஎஸ்பி பெட்டியில் இப்படி வந்தால் பெட்டியை மாற்றுவதுதான் வழி.

பழைய டிஸ்கை மாட்டினால் ஃபார்மேட் செய்யச் சொல்கிறது

மறுபடியும்: கேன்சல். டிஸ்க் மேனேஜ்மென்டில் 'ரா' என்றோ, இனிஷியலைஸ் ஆகவில்லை என்றோ காட்டுவதால் கோப்புகள் அழிந்துவிட்டன என்று அர்த்தமில்லை. விண்டோஸால் படிக்க முடியவில்லை என்பது மட்டும்தான் செய்தி.

அந்த டிஸ்க் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் யோசியுங்கள். மேக் கணினியிலிருந்தோ லினக்ஸிலிருந்தோ வந்திருந்தால் அதன் கோப்பு முறை விண்டோஸுக்குப் புரியாது. அந்தக் கணினியிலேயே மாட்டிக் கோப்புகளை எடுங்கள். யூஎஸ்பி வெளிப்பெட்டியிலிருந்து பிரித்தெடுத்ததாக இருந்தால், பெட்டிக்குள் இருந்த சின்னப் பலகை செக்டார் அளவை 512 பைட்டிலிருந்து 4,096 ஆக மாற்றிச் சொல்லியிருக்கலாம், அல்லது எழுதும்போதே குறியாக்கம் செய்திருக்கலாம். நேரடியாக மதர்போர்டில் மாட்டும்போது அந்த மொழிபெயர்ப்பு இல்லை, ஆகவே எல்லாம் குப்பையாகத் தெரிகிறது. திரும்ப அதே பெட்டியில் வைத்தால் கோப்புகள் வரும். நகலெடுத்த பிறகு உள்ளே மாட்டி ஃபார்மேட் செய்யுங்கள். பிரித்த பெட்டியை உடனே குப்பையில் போடாமல் இருப்பது இதற்காகத்தான்.

லேப்டாப்பிலிருந்து வந்த டிஸ்க் பூட்டுச் சின்னத்தோடு தெரிந்தால் பிட்லாக்கர். 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். பெரும்பாலும் அந்த லேப்டாப்பில் பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். சாவி இல்லாமல் உள்ளே போகக் குறுக்குவழி கிடையாது.

இவை எதுவுமில்லை, நேற்று வரை இதே விண்டோஸில் ஓடிய டிஸ்க் என்றால் பார்ட்டிஷன் அட்டவணை சேதமாகியிருக்கலாம். டெஸ்ட்டிஸ்க் போன்ற மீட்பு நிரலை ஓட்டும் முன், டிஸ்கை அப்படியே இன்னொரு டிஸ்குக்கு நகலெடுத்து, நகலில் வேலை செய்யுங்கள். செக்டிஸ்க் நிரலை இப்போது ஓட்டாதீர்கள். அது கோப்பு முறையை ஒழுங்குபடுத்தும் நிரல். ஒழுங்குபடுத்தும் அவசரத்தில் மீட்கக்கூடிய கோப்புகளையும் துண்டு துண்டாக்கிவிடும்.

கோப்புறை திறக்கிறது, உள்ளே போக அனுமதி இல்லை என்கிறது

பழைய கணினியின் பயனர் கணக்குக்குச் சொந்தமான கோப்புகள் அவை. 'கன்டினியூ' கொடுத்தாலே பெரும்பாலும் போதும். பெரிய கோப்புறைக்குச் சில நிமிடம் பிடிக்கும். முடியாவிட்டால் பிராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு வழியாக உரிமையாளர் பெயரை உங்கள் கணக்குக்கு மாற்றுங்கள். தேவையான கோப்புறைக்கு மட்டும் செய்யுங்கள். நடப்பு சி டிரைவின் வேரில் இதைச் செய்தால் விண்டோஸையே கெடுத்துக்கொள்வீர்கள்.

நகலெடுப்பது ஆமை வேகம்

எதை நகலெடுக்கிறீர்கள்? பத்தாயிரம் சின்னப் படங்கள் என்றால் எந்த ஹார்ட் டிஸ்கும் திணறும். ஒரே பெரிய வீடியோ கோப்பை வைத்துச் சோதியுங்கள். நொடிக்கு 100 எம்பிக்கு மேல் நிலையாகப் போனால் டிஸ்க் நலம். டிஸ்க் நிரம்ப நிரம்ப வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறைவதும் இயல்புதான், தட்டின் உள்வட்டம் வெளிவட்டத்தைவிடச் சிறியது.

முதல் சில பத்து ஜிபி வேகமாகப் போய், பிறகு 20, 30 எம்பிக்கு விழுந்து அங்கேயே தள்ளாடினால் அது எஸ்எம்ஆர் வகை டிஸ்காக இருக்கலாம். தடங்களை ஓட்டு வீட்டின் ஓடுகள் போல ஒன்றின் மேல் ஒன்று சாய்த்து எழுதும் முறை. ஒரு தடத்தை மாற்ற அடுத்தடுத்த தடங்களையும் மறுபடி எழுத வேண்டும். பழுதல்ல, பிறவிக் குணம். படங்கள், பேக்கப் போட்டு வைக்க ஏற்றது. விண்டோஸ் நிறுவவோ தினசரி எழுதி அழிக்கவோ ஏற்றதல்ல.

போர்டின் வேகத்தைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். நொடிக்கு 3 கிகாபிட் போகும் பழைய போர்டே சுமார் 300 எம்பி தாங்கும். வீட்டு ஹார்ட் டிஸ்குகள் அதைத் தொடுவதில்லை. 6 கிகாபிட் போர்டை சாட்டா எஸ்எஸ்டிக்கு விட்டுக்கொடுங்கள்.

அவ்வப்போது காணாமல் போகிறது, அல்லது நகலெடுக்கும் நடுவே எல்லாம் உறைகிறது

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற நிரலில் டிஸ்க் தன் நலத்தைத் தானே பதிவு செய்யும் ஸ்மார்ட் எண்களைப் பாருங்கள். அதில் சில எண்கள் கதையைச் சொல்லிவிடும். சி7 என்ற வரி, அதாவது கேபிள் வழியே தகவல் போகும்போது நேரும் சிஆர்சி பிழைகள், கூடிக்கொண்டே போனால் டிஸ்க் நல்லது, கேபிள் கெட்டது. கேபிளை மாற்றிய பிறகும் அந்த எண் பூஜ்யத்துக்குத் திரும்பாது. குறித்து வைத்துக்கொண்டு, மேலும் ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். கெட்ட செக்டார்களைக் கணக்கிடும் 05 என்ற வரியும் சி5, சி6 வரிகளும் பூஜ்யத்துக்கு மேல் போய் ஏறிக்கொண்டிருந்தால் தட்டின் மேற்பரப்பே போகிறது. கேபிள், டிரைவர் என்று எதையும் மாற்றிப் பயனில்லை. முக்கியமான கோப்புகளிலிருந்து தொடங்கி உடனே வெளியே எடுங்கள்.

ஈவன்ட் வியூவரின் சிஸ்டம் பதிவிலும் தடயம் இருக்கும். 'டிஸ்க்' என்ற மூலத்தில் 7 என்ற எண் வந்தால் கெட்ட செக்டார். 129 என்ற எண் வந்தால் டிஸ்க் பதில் சொல்லாததால் விண்டோஸ் இணைப்பை மீட்டமைத்தது என்று பொருள். அதற்குக் கேபிள், தளர்ந்த பவர் முனை, தள்ளாடும் டிஸ்க் மூன்றில் ஒன்று காரணம்.

சும்மா இருந்துவிட்டுத் திறக்கும்போது மட்டும் சில நொடி உறைந்து, பிறகு சரியாக ஓடினால் அது பழுதல்ல. பவர் ஆப்ஷன்ஸில் ஹார்ட் டிஸ்கை 20 நிமிடத்தில் நிறுத்தும் அமைப்பு இருக்கும். நின்ற தட்டு மறுபடி வேகம் பிடிக்கும் நேரம்தான் அது. எண்ணைப் பூஜ்யம் ஆக்கினால் நிற்காது.

உள்ளே மாட்டிய டிஸ்க் 'பாதுகாப்பாக வெளியேற்று' பட்டியலில் வந்து நின்றால், பயாஸில் அந்தப் போர்டுக்கு 'ஹாட் பிளக்' போட்டிருக்கிறது. அணைத்துவிடுங்கள்.

சத்தம்

'ம்ம்ம்' என்ற ரீங்காரம் கேபினட் தகடு அதிர்வதால். நான்கு ஸ்க்ரூவும் போட்டிருக்கிறீர்களா, சரியான ஸ்க்ரூவா என்று பாருங்கள். 3.5 அங்குல டிஸ்குக்குத் தடித்த மரையுள்ள 6-32 ஸ்க்ரூ, 2.5 அங்குலத்துக்கு மெல்லிய எம்3. எம்3-ஐப் பெரிய டிஸ்கில் போட்டால் பிடிக்காமல் ஆடும். தடித்ததைச் சின்ன டிஸ்கில் முறுக்கினால் மரையைத் தின்றுவிடும். ரப்பர் வளையம் கொண்ட தட்டு இருந்தால் அதில் மாட்டுங்கள்.

சீரான இடைவெளியில் 'டக், டக், டக்' என்று தட்டி, நின்று, மறுபடி சுற்றத் தொடங்கினால் பவர் கேபிளை மாற்றி ஒரே ஒரு முறை சோதியுங்கள். மின்சாரம் போதாமலும் இப்படித் தட்டும். அதற்குப் பிறகும் தட்டினால் படிக்கும் முனை தடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கிறது. உள்ளே வேண்டிய கோப்பு இருந்தால் உடனே அணைத்துவிட்டு மீட்பு நிலையத்திடம் கொடுங்கள். ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் தட்டின் மேல் கீறல் விழலாம். உள்ளே எதுவுமில்லாத புது டிஸ்க் என்றால் வாரண்டியில் திருப்பிக் கொடுங்கள்.

இடம் இருக்கிறது, பெரிய கோப்பு ஏறவில்லை

டிஸ்க் ஃபேட்32-இல் இருக்கிறது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. உள்ளே மாட்டிய டிஸ்குக்கு என்டிஎஃப்எஸ். மேக் கணினியோடும் மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட்.

ஒரே கணினியில் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு குறிப்புகள். விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' போட்டிருந்தால், ஷட் டவுன் செய்த பிறகும் என்டிஎஃப்எஸ் டிஸ்க் பாதி திறந்த நிலையிலேயே இருக்கும். லினக்ஸ் அதைப் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. அந்த அமைப்பை விண்டோஸில் அணைத்துவிடுங்கள். லினக்ஸ் தொடங்கும்போது இணைக்க வேண்டிய டிஸ்குகளைக் குறிக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் இரண்டாவது டிஸ்கைச் சேர்க்கும்போது சாதனப் பெயரைப் போடாமல் அதன் தனி அடையாளமான யூயுஐடி எண்ணைப் போடுங்கள், 'நோஃபெயில்' சொல்லையும் சேருங்கள். இல்லையென்றால் டிஸ்கைக் கழற்றிய அன்று லினக்ஸ் அதற்காகக் காத்திருந்து, அவசரகால முனையத்தில் போய் நின்றுவிடும்.